பதிவேடும் ஓர் அமானிதம்

பள்ளிவாசல் உண்டியலின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மஹல்லாவில் எவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவர். அப்பள்ளிக்கு வக்ஃபு செய்யப்பட்ட நிலம், கடை, கபரஸ்தான் ஆகியவற்றின் விவரம் அடங்கிய கணினிப் பதிவேட்டின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் அத்தனை விரைவில் வராது. உண்டியலில் இருப்பதோ ஒரு வாரத்து வசூல். பதிவேட்டில் இருப்பது தலைமுறைகளின் ஈகை.

மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று 'உமீத்' எனும் இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபுச் சொத்துகளை ஆறு மாதங்களுக்குள் அதில் பதிவேற்றப் பணித்தது. அதற்கு அடிப்படையான திருத்தச் சட்டத்தின்மீது நம் சமுதாயம் கொண்ட ஆட்சேபங்கள் வலுவானவை. உச்ச நீதிமன்றமும் 2025 செப்டம்பர் 15 அன்று அதன் சில பிரிவுகளை நிறுத்திவைத்தது. எனினும், பதிவு செய்யும் கடமையை நிறுத்திவைக்கவில்லை. காலக்கெடு முடிந்தபோது 5,17,040 சொத்துகளின் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. ஒப்புதல் பெற்றவை 2,16,905 மட்டுமே.

இவ்வேற்பாட்டில் மூன்று கைகள் உண்டு. முத்தவல்லி விவரங்களை உள்ளிடுவார். வக்ஃபு வாரிய அலுவலர் சரிபார்ப்பார். அதற்கென அமர்த்தப்பட்ட அரசு அலுவலர் ஒப்புதல் அளிப்பார். முதற் கை முத்தவல்லியுடையதுதானா என்பதே என் கவலை. கணினி அறியாத பெரியவர் பக்கத்துக் கணினி நிலையத்துக்குச் செல்கிறார். பயனர் பெயர், கடவுச்சொல் அனைத்தையும் அங்குள்ள இளைஞரே உருவாக்கித் தம் நோட்டில் குறித்துக்கொள்கிறார். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் பெரியவர் உரக்கப் படித்துக் காட்டுகிறார். அவ்விளைஞர் நல்லவராகவே இருக்கலாம். அந்த நோட்டை நாளை புரட்டுபவர் யார்? அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் போன்ற இடங்களில் ஒரு கிரவுண்டு நிலத்துக்கு எத்தனை கண்கள் காத்திருக்கின்றன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. சர்வே எண்ணின் உட்பிரிவில் 3 என்பது 8 ஆனால் போதும். அதை நேராக்க அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டி வரும்.

"நம் பிள்ளைதானே, நம்பிக்கைதானே" என்பார்கள். உருதுவில் 'உமீத்' என்றாலும் நம்பிக்கைதான். ஆனால் அது வருங்காலத்தின் மீது வைக்கும் நம்பிக்கை, ஆளின் மீது வைப்பதன்று!

உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி, விற்கவோ அன்பளிக்கவோ வாரிசுரிமையாகப் பெறவோ இயலாதவாறு வக்ஃபு செய்தார்கள். அதன் பத்திரம் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. முஅய்கீப் (ரலி) எழுதினார். அப்துல்லாஹ் இப்னு அல்அர்கம் (ரலி) சாட்சியானார். தமக்குப் பின் பொறுப்பு மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுடையது என்று உமர் (ரலி) பெயர் குறித்தே எழுதச் செய்தார்கள். எழுதியவர், சாட்சி, பொறுப்பாளர் எனத் தனித்தனிப் பெயர்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு ஐயமா அங்கே?

அதே ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான் திருமறையின் தொகுக்கப்பட்ட ஏடுகளும் இருந்தன. படி எடுப்பதற்காகக் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் அவற்றைக் கேட்டுப் பெற்றார்கள். பணி முடிந்ததும் அவரிடமே திருப்பி அனுப்பினார்கள். ஆட்சித் தலைவரே கேட்டு வாங்கித் திருப்பித் தந்தார் என்பதை நம் சகோதரிகள் பெருமையுடன் நினைவிற்கொள்ளலாம்.

பதிவேட்டை மூடி மறைக்கச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். மஹல்லாவாசிகள் அனைவரும் அதனைக் காணவேண்டும். காண்போர் பெருகினால்தான் களவு வெளிப்படும். காண்பது வேறு, கை வைப்பது வேறு. காட்டுவதிலும் அளவு வேண்டும். தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டு சிம் கார்டு விற்கும் ஒருவர், பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து கிரயப் பத்திரங்களை இறக்கி, அவற்றிலிருந்த கைரேகைகளை ரப்பர் அச்சாக வார்த்து, அறியாதோர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை உயிர்ப்பித்துப் பிடிபட்டார். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கதவே திறந்துதான் கிடந்தது. ஆகவே சொத்தின் அளவும் எல்லையும் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். கைரேகையும் ஆதார் நகலும் அங்கே வேண்டாம். வீட்டுப் பத்திரத்தின் நகலை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இடுவோருக்கும் இது பொருந்தும்.

நம் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது எளிது. தட்டச்சுக்கு இளைஞரை அமர்த்துங்கள். கடவுச்சொல்லை முத்தவல்லியே இடட்டும், ஓ.டி.பி. எண்ணை அவரே தம் கையால் பதியட்டும். உள்ளிட்ட பக்கங்களை அச்செடுத்து, தேதியிட்டு, நிர்வாகிகள் இருவர் கையொப்பத்துடன் கோப்பில் வையுங்கள். மாதம் ஒருமுறை திரையிலுள்ளதை அத்தாளுடன் ஒப்பிடுங்கள். புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும் நாளில் சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் மறவாமல் எண்ணி வாங்குகிறோம். பழைய முத்தவல்லியின் கைப்பேசி எண்ணை மட்டும் மாற்ற மறந்துவிடுகிறோம். அடுத்த பொதுக்குழுவின் தீர்மானப் புத்தகத்தில் அதற்கும் ஒரு வரி எழுதுங்கள்.