கணவாயின் வயிற்றில் இருந்த மீன்

'கடல் அரக்கன் மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது' என்று ஹம்போல்ட் கணவாய் பற்றி ஒரு வீடியோ சுற்றுகிறது. என் பழைய மாணவர்கள் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிதான் முக்கியம்.

நம் சந்தையில் கிடைக்கும் ஊசிக் கணவாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். கிழக்குப் பசிபிக்கில் வாழும் இது 50 கிலோ வரை வளரும். உறிஞ்சிகளின் விளிம்பில் பற்கள் உண்டு. சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி மின்னும். மெக்சிகோ மீனவர்கள் வைத்த பெயர் 'சிவப்புப் பிசாசு'. ஆயுளோ ஒன்றிரண்டு ஆண்டுதான். அதற்குள் அந்த உடம்பு வளர எவ்வளவு தின்ன வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். தன் இனத்தையே விட்டுவைக்காது.

2000க்குப் பிறகு சிலி நாட்டில் மெர்லூசா மீன் வளம் சரிந்தது. அதே காலத்தில் கணவாய் பெருகியது. இழுவை வலையில் சிக்கிய கணவாயின் வயிற்றை அறுத்தால் உள்ளே மெர்லூசா. வேறென்ன சாட்சி வேண்டும் என்றார்கள்.

ஆனால் 2008இல் வெளியான ஆய்வு ஒன்று எளிய கேள்வியைக் கேட்டது: வலைக்குள் மீனும் கணவாயும் நெருக்கியடித்துக் கிடக்கும்போது, பசித்த கணவாய் சும்மா இருக்குமா? தூண்டிலில் பிடித்த கணவாய்களோடு ஒப்பிட்டபோது, வலையில் பிடித்தவற்றில் மெர்லூசாவின் பங்கும் சொந்த இனத்தைத் தின்ற பங்கும் மிகைப்பட்டுத் தெரிந்தது. சாட்சியை உருவாக்கியதே வலை! வகுப்பில் சோதனை முறை பற்றிச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை; ஓய்வு பெற்ற பிறகு கிடைத்து என்ன பயன்.

கணவாய் மெர்லூசாவைத் தின்னவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தின்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவிலும் 2002க்குப் பிறகு கணவாய் தங்கிவிட்டபோது அந்த இன மீன் குறைந்ததை 2007இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வு, கணவாயைத் தின்னும் சூரை போன்ற பெரிய மீன்கள் குறைந்துபோனதையும் சுட்டியது. அவற்றைப் பிடித்தது யார்? பிசாசு அல்ல. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் கணவாய் தாக்குப்பிடிக்கும். காவலை நாம் எடுத்துவிட்டோம், அது உள்ளே வந்தது. அவ்வளவுதான்.

அதனால்தான் சிலியின் 2019 சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. கணவாயை இழுவை வலையால் பிடிக்கக் கூடாது. தூண்டிலாலும் கைக்கயிற்றாலும் மட்டுமே பிடிக்கலாம். பெரிய கம்பெனிகள் வேலை போகும் என்று எதிர்த்தன. அந்தக் கவலையும் பொய்யல்ல, ஆலைகளில் நிற்பவர்களும் தொழிலாளிகள்தானே. ஆனாலும் சிறு படகுக்காரர் பக்கம்தான் நான்.

இன்னொன்று. மெக்சிகோவின் சாந்தா ரோசாலியா ஊரே இந்தக் கணவாயை நம்பியிருந்தது. 2009-10 எல் நினோவுக்குப் பிறகு அந்த வளைகுடாவில் கணவாய் மிகச் சிறிய உருவத்திலேயே முதிர்ச்சியடையத் தொடங்கியது, மீன்பிடி படுத்துவிட்டது. அங்கே இப்போது மீனவர்களின் கேள்வி, அரக்கன் எப்போது திரும்பி வருவான் என்பதுதான்.