அரை ஓம் என்ன செஞ்சுடும்?

பத்தாங்கிளாஸ்ல எல்லாரும் படிச்சதுதான். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம், ரெண்டையும் பெருக்கினா வாட். 12 வோல்ட், 3 ஆம்பியர், மின்தடை எவ்வளவு? 4 ஓம். ரெண்டு மார்க். அதோட அந்தக் கணக்கை மூட்டை கட்டி வெச்சுடறோம். அது தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. ஃபிசிக்ஸ்னா அலர்ஜி உள்ளவங்களும் தைரியமா படிக்கலாம், பெருக்கல் தெரிஞ்சா போதும் :-)

கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு உப்புக்காத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட் தாழ்ப்பாள்னு எதையும் விடாது. கண்ணுல படாம அது வேலை பார்க்கற இடம் பிளக் பாயின்ட். உள்ளே பித்தளை பச்சை பூத்துக்கும், ஒயர் முனை கறுத்துடும். இணைப்புல சும்மா ஒரு அரை ஓம் கூடிப்போச்சுன்னு வெச்சுக்குங்க.

அதுல செல்போன் சார்ஜரைச் சொருகினா ஒண்ணும் தெரியாது. அது இழுக்கறது ஆம்பியர்ல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. "பாயின்ட் நல்லாத்தானே இருக்கு"ம்பாங்க. அதே பாயின்ட்ல 2000 வாட் வாட்டர் ஹீட்டரை மாட்டுங்க. 2000ஐ 230ஆல வகுத்தா 8.7 ஆம்பியர். கரண்ட்டை கரண்ட்டாலயே பெருக்கி, அரை ஓமால பெருக்கினா கிட்டத்தட்ட 38 வாட். (துல்லியமா போட்டா ஒண்ணு ரெண்டு வாட் குறையும், சண்டைக்கு வராதீங்க.) ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் உருக்கற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் இருக்கும். அதைவிடப் பெரிய சூடு, சுவத்துக்குள்ள, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள!

எம்சிபி டிரிப் ஆகும்ல? ஆகாது சாமி. 16 ஆம்பியர் எம்சிபிக்கு 8.7 ஆம்பியர்ங்கறது ரொம்ப சாதாரணம். வோல்டேஜும் நாலு வோல்ட்தான் குறையும், தண்ணி வழக்கம்போல சுடும். கருகின வாசனைதான் முதல் தகவல்.

இதே கணக்கை ஊருக்குள்ளயே பிரமாதமா போட்டு வெச்சிருக்காங்க. 1984லயும் 1986லயும் வணிக உற்பத்தி ஆரம்பிச்ச சென்னை அணுமின் நிலையத்தோட ரெண்டு யூனிட்டும் தலா 220 மெகாவாட். அதை நம்ம வீட்டு வோல்டேஜ்லயே அனுப்பினா லட்சக்கணக்கான ஆம்பியர் ஓடணும், கம்பியே உருகிடும். அதான் 230 கிலோவோல்ட்டுக்கு ஏத்தி அனுப்பறது. மூணு ஃபேஸ்லயும் பிரிச்சா ஒரு யூனிட்டுக்கு கம்பிக்கு சுமார் 550 ஆம்பியர்தான். கரண்ட் பாதியானா கம்பியில வீணாகற சூடு கால்வாசி ஆயிடும். அந்த வர்க்கம்தான் விஷயமே.

என் கோபமெல்லாம் கடையில தொங்கற அந்த கன்வர்ட்டர் பிளக் மேலதான். 16 ஆம்பியர் பெரிய பின்னை 6 ஆம்பியர் சின்ன ஓட்டையில நுழைய வைக்கற சமாச்சாரம். பின் சைஸை வேற வேறயா வெச்சதே இந்தக் கணக்கு தெரியாதவங்களையும் காப்பாத்தத்தான். அதை ஒரு பிளாஸ்டிக் துண்டு காலி பண்ணிடுது. வாடகை வீட்டுல பெரிய பாயின்ட் கேட்டா ஓனர் முறைப்பார், அதுவும் தெரியும். இருந்தாலும் கேளுங்க.

வாத்தியார் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 12 வோல்ட், 3 ஆம்பியரை விட்டுட்டு இந்த ஹீட்டர் கணக்கைப் பரீட்சையில கேளுங்களேன். பசங்க வீட்டுக்குப் போய், பிளக்கைக் கழட்டினதும் பின் சுடுதான்னு அம்மாகிட்ட விசாரிப்பாங்க. சுட்டா மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பாயின்ட்டை மாத்திடச் சொல்லுங்க.