இரண்டு மொனிட்டரும் கடைக்காரரின் கதையும்



எடிட்டிங் செய்யும் வவுனியாத் தம்பிமாருக்கு. இரண்டாவது மொனிட்டர் கொழுவினதும் சும்மா கிடக்கும் கிராஃபிக்ஸ் கார்ட் சுடுகிறதா? "எங்கட வெயிலுக்கு அப்படித்தான், இன்னொரு ஃபேன் போடுங்க" என்பார் கடைக்காரர். வெயிலில் பழி போடாதீர்கள்! ஒரு மொனிட்டரைக் கழற்றுங்கள், அதே வெயிலில் கார்ட் ஆறும்.

திரை ஒரு படத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் ஒரு கண இடைவெளி உண்டு. மெமரி வேகத்தை அப்போதுதான் மாற்றலாம். ஒன்று 144 ஹேர்ட்ஸ், மற்றது 60 என்றால் இடைவெளிகள் ஒத்துவராது. மெமரி முழு வேகத்திலேயே நிற்கும். 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டி 7900 கார்ட்களில் சும்மா இருக்கும்போதே மின்சாரம் கூடுவதைக் கம்பனியே ஒத்துக்கொண்டது. பிறகென்ன வெயில்?

வீணாவது 30 வாட்ஸ் என்றே வையுங்கள். நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 9 யூனிட். அதே 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு இது இஸ்ராஃப் இல்லையா?

இரண்டையும் 60க்கு வைத்துப் பாருங்கள். அல்லது இரண்டாவதை மதர்போர்டில் கொழுவுங்கள் (ப்ராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தால்). புதுசு வாங்குமுன் இரண்டு மொனிட்டர் கொழுவி, வாட்ஸைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடை.