ஒரே தலையில் இரண்டு முடி

தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன் மாதத்தில் திருவனந்தபுரத்துக் கண்ணாடிகள் ஒரு ரகசியத்தைப் போட்டு உடைக்கின்றன. பியூட்டி பார்லரில் ஆயிரக்கணக்கில் செலவழித்து நேராக்கிய கூந்தல் தோளுக்குக் கீழே நூல் பிடித்தாற்போல் தொங்குகிறது. உச்சந்தலையிலோ, மூன்று விரல் அளவுக்கு, ஈரக்காற்றைக் குடித்து உப்பிய சுருட்டை முடி. மேலே இருப்பது பிறப்பில் வந்தது. கீழே இருப்பது பணம் கொடுத்து வாங்கியது.

இந்த எல்லைக்கோடு தெரிய ஆரம்பித்ததும் ஒரு பெண்ணின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. மறுபடி பார்லருக்குப் போய் வேர்ப்பகுதியை 'டச் அப்' செய்துகொள்ளலாம். தினமும் காலையில் ஸ்ட்ரெயிட்னரைச் சூடாக்கிப் புது முடியைத் தேய்த்துப் பழைய முடியோடு ஒட்டவைக்கலாம். அல்லது, ரசாயனமும் வேண்டாம், சூடும் வேண்டாம் என்று வளர விட்டுவிடலாம். மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை. ஆனால் பாதியில் கைவிடப்படுவது பெரும்பாலும் அதுதான்.

நேராக்கிய முடியை ஏதாவது எண்ணெயோ மருந்தோ போட்டுச் சுருளாக்கிவிட முடியாதா என்பதுதான் எல்லோருக்கும் எழும் முதல் கேள்வி. முடியாது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை, ஏணியின் படிகள் மாதிரி, கந்தகப் பிணைப்புகள் குறுக்கே கட்டி வைத்திருக்கின்றன. சுருள் தன் வடிவத்தை இழக்காமல் இருப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 'ரீபாண்டிங்' செய்யும்போது அம்மோனியம் தயோகிளைகோலேட் போன்ற ரசாயனம் முதலில் இந்தப் படிகளை அறுக்கிறது. அடுத்து, சூடான தகடு முடியை நேராக இழுத்துத் தேய்க்கிறது. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கிரீம், அந்த நேரான நிலையிலேயே படிகளைப் பூட்டிவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்த 'ரிலாக்ஸர்' இதைவிடக் காரமானது. காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்த ரிலாக்ஸர்கள் பிணைப்பின் அமைப்பையே மாற்றிவிடுகின்றன. பழைய பிணைப்பு திரும்பக் கூடுவதே இல்லை.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது. தன்னைத் தானே அது சரிசெய்துகொள்ளாது. உயிர் இருப்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையில். சுருட்டையா நேரா என்று தீர்மானிப்பதும் அங்கேதான். பார்லர் ரசாயனம் மாற்றுவது வெளியே இருக்கும் முடியை மட்டுமே. அதனால் புதிதாக முளைப்பது பழைய சுருளோடுதான் முளைக்கும். பிரசவம், வயது, தைராய்டு கோளாறு, சில மருந்துகள் போன்றவை அந்தச் சுருளைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். அவ்வளவுதான்.

ஆக, இது காத்திருப்புக் கணக்கு. தலைமுடி மாதத்துக்குச் சுமாராக 1 முதல் 1¼ சென்டிமீட்டர் வளர்கிறது. ஆண்டுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர். முப்பது சென்டிமீட்டர் சொந்த முடி வேண்டுமென்றால் இரண்டு, இரண்டரை ஆண்டு. இடுப்பைத் தொட வேண்டுமென்றால் நாலைந்து ஆண்டு. கல்யாணப் போட்டோவுக்காக ஒரு நாள் நேராக்கிக்கொண்ட பெண், குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் சமயத்தில்தான் பழைய கூந்தலை முழுதாகத் திரும்பப் பெறுவாள்.

அமெரிக்காவில் இதே பாதையில் நடந்த கறுப்பினப் பெண்கள் இரண்டு முறைகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று 'பிக் சாப்': ரசாயனம் பட்ட பகுதி முழுவதையும் ஒரே நாளில் வெட்டி எறிவது. இன்னொன்று 'டிரான்சிஷனிங்': நுனியை அவ்வப்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் கத்தரித்துக்கொண்டே புது முடியை வளர்ப்பது. முதலாவது துணிச்சல்காரிகளுக்கு. திருவனந்தபுரத்தில் ஒரு பெண் கழுத்தளவு முடியோடு வெளியே வந்தால், பழனிக்கு நேர்ச்சையா, உடம்புக்கு ஏதாவதா என்று தெரு முழுக்க விசாரணை நடக்கும். அதனால் இங்கே பெரும்பாலோருக்கு ஒத்துவருவது இரண்டாவதுதான்.

அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. சுருளும் நேரும் சந்திக்கிற அந்த எல்லைக்கோடு முடியின் மிகப் பலவீனமான இடம். சீப்பை மேலிருந்து கீழே இழுத்தால் அங்கேதான் பட்டென்று முறியும். நனைந்த முடி இன்னும் எளிதில் அறும். நுனியில் சிக்கெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வர வேண்டும். அகலப் பல் சீப்பு, அல்லது விரல்கள். அவசரம் கூடாது.

ஆனால் இந்தக் காத்திருப்பைக் கெடுக்கும் பெரிய எதிரி சீப்பு அல்ல, சூடு. 'இன்றைக்கு ஒரு நாள் மட்டும், ஒரு கல்யாணத்துக்கு மட்டும்' என்று ஸ்ட்ரெயிட்னரைக் கையில் எடுப்பதில் அது ஆரம்பிக்கிறது. இந்தக் கருவிகளின் தகடு 180 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலும் சூடேறக்கூடியது. தோசைக்கல்லின் சூடு என்று வைத்துக்கொள்ளலாம். முடி ஈரமாக இருக்கும்போது அந்தச் சூடு பட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி முடித்தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்கும். தோல் மருத்துவத்தில் இதற்குக் 'குமிழி முடி' என்றே பெயர். குமிழி விழுந்த இடத்தில் முடி உடையும். திரும்பத் திரும்பச் சூடு பட்டால் புது முடியும் சுருள் இழந்து, வைக்கோல் மாதிரி நிற்கும். அதாவது, எந்தச் சொந்த முடிக்காக ஓர் ஆண்டு காத்திருந்தார்களோ அதையே சேதப்படுத்துகிறார்கள். காத்திருப்புக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

அதிலும் திருவனந்தபுரத்தில் இந்தச் சூட்டுக்குப் பலனும் குறைவு. வெறும் சூட்டால் நேராகும் முடியைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். இவை தண்ணீருக்கு அவிழ்ந்துவிடும். கடலோர நகரத்தின் காற்றே பாதி தண்ணீர். காலையில் வீட்டில் தேய்த்து நேராக்கிய முடி, பஸ் கிழக்கேகோட்டையை அடைவதற்குள் பழைய கதைக்குத் திரும்பிவிடும். மறுநாள் காலை மறுபடி சூடு.

இதே ஹைட்ரஜன் பிணைப்பைச் சூடில்லாமலும் வேலை வாங்க முடியும் என்பதுதான் ஆறுதல். கொஞ்சம் ஈரம் இருக்கும்போது முடியைத் தளர்வாகப் பின்னிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அவிழ்த்தால், நேரான பகுதியும் அலை அலையாக நிற்கும். மேலே இருக்கும் சுருளுக்கும் கீழே இருக்கும் நேருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இறுக்கிப் பின்னக் கூடாது. நெற்றியோர முடி வேரோடு கழன்று வரும்.

சொல்லப்போனால், சூடில்லாமல் கூந்தலைப் பராமரிக்கும் கலை கேரளத்துக்குப் புதிதல்ல. முடி உலர்த்த மலையாளிகள் பயன்படுத்துவது தோர்த்து என்ற மெல்லிய பருத்தித் துண்டு. டர்க்கி டவலின் நூல் வளையங்கள் சுருள் முடியில் மாட்டி இழுக்கும். தோர்த்து ஈரத்தை மட்டும் ஒற்றியெடுக்கும். குளித்து வந்ததும் காதோரத்தில் இரண்டு பக்கமும் ஒரு கற்றையை எடுத்துப் பின்புறம் சேர்த்துக் கட்டி, மீதியைக் காற்றாட விடுகிறார்களே, அதற்குக் குளிப்பின்னல் என்று பெயர். முகத்தில் முடி விழாது, கூந்தலும் காயும். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த வழவழப்பான தாளி, ஷாம்பூவும் கண்டிஷனரும் சேர்ந்த வேலையைச் செய்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் செம்பருத்தி இலைக்கு இந்த உபயோகம் உண்டு. ஈரத்தலையால் சளி பிடிக்கும் என்று பயப்படுபவர்கள் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்துக்கொள்வார்கள். ஹேர் டிரையருக்கு இதில் எங்கும் வேலை இல்லை.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதோடு ஒப்பிடப்பட்ட சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தத் திறமை இருக்கவில்லை. ஆய்வை நடத்தியவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் விஞ்ஞானிகள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிப்பதற்கு முன் தேய்த்துக்கொண்டால் முடி உடைவது குறையலாம். ஆனால் கையோன்னி என்று மலையாளிகள் சொல்லும் கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெயானாலும் சரி, வேறு எந்த எண்ணெயானாலும் சரி, அறுந்த பிணைப்பைத் திரும்பக் கட்டிச் சுருளைக் கொண்டுவராது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் பர்ஸைத் திறக்க வேண்டாம்.

இவ்வளவு சிரமப்பட்டு ரசாயனத்தை விட வேண்டுமா? உடல்நலக் கோணத்தில் யோசிக்கக் காரணம் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து, 2022 அக்டோபரில் முடிவை வெளியிட்டார்கள். முடி நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். அடிக்கடி என்றால் ஆண்டுக்கு நாலு தடவைக்கு மேல். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, ரசாயனம்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ரீபாண்டிங் செய்துகொள்ளும் இந்தியப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. பீதி தேவையில்லை, அலட்சியமும் கூடாது.

'கெரட்டின் டிரீட்மென்ட்' என்ற இனிமையான பெயரில் செய்யப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்கான கரைசல்கள் சிலவற்றிலிருந்து, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. வாடிக்கையாளர் அந்தப் புகையைச் சுவாசிப்பது சில மணி நேரம். ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில், நாள் முழுக்க, வாரம் முழுக்கச் சுவாசிப்பவர் பார்லரில் வேலை பார்க்கும் பெண். அழகின் விலைப்பட்டியலில் அவருடைய மூச்சுக்குக் கணக்கு எழுதப்படுவதில்லை.

இத்தனைக்கும் சுருள் முடி அழகில்லை என்பது இந்த மண்ணின் பழைய அபிப்பிராயமே அல்ல. ஆற்று நீர் வடிந்த மணலில் பதியும் அலைவரிகளுக்கு அறல் என்று பெயரிட்டு, அதைப் பெண்ணின் கூந்தலுக்கு உவமையாக்கியவர்கள் சங்கப் புலவர்கள். அடர்ந்த கூந்தலை மலையாளிகள் ஒப்பிடுவது பனங்குலைக்கு. கிளிமானூர் ரவிவர்மா திருவனந்தபுரம் அரண்மனையில் ஓவியம் பழகியவர். கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணை அவர் வரைந்த படம் 1873ல் வியன்னா வரை போய்ப் பரிசு வாங்கியது. அவருடைய நாயகிகளின் கூந்தல் கருகருவென்று அலைபாயும். யாருக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட முடி கிடையாது. 'சுருட்டைத் தலை சோறு போடும்' என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் இன்றும் பாட்டிகள் வாயில் இருக்கிறது.

பிறகு ஷாம்பூ விளம்பரங்கள் வந்தன. கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு விழும் முடியே சுத்தமான முடி, படித்த முடி, வேலைக்குப் போகும் முடி என்றாயிற்று. சுருட்டை என்பதற்குப் 'பரட்டை' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. 2015ல் 'பிரேமம்' படத்தில் அனுபமா பரமேஸ்வரன் சுருள் முடியை அப்படியே விட்டுக்கொண்டு வந்தபோது கேரளமும் சென்னையும் சேர்ந்து ரசித்தன. அதே ஆண்டு 'ஓ காதல் கண்மணி'யில் நித்யா மேனன். திரையில் ரசித்தவர்கள் வீட்டில் மகளின் தலையைப் பார்த்ததும் 'கொஞ்சம் படிய வாரக் கூடாதா?' என்பதை மட்டும் விடவில்லை. அமெரிக்காவில் இயற்கை முடிக்காக வேலையிலும் பள்ளியிலும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்க, 2019ல் கலிஃபோர்னியா சட்டமே போட்டது. இங்கே தடை விதிக்கிற முதலாளியைவிட, தடவிப் பார்த்து வருத்தப்படுகிற அத்தைகளே அதிகம். அதற்குச் சட்டம் கிடையாது.

ரசாயனத்தை விட்டவர்கள் பாதி வழியில் திரும்பிப் போவது பெரும்பாலும் இந்த வார்த்தைகளால்தான். எட்டாவது, ஒன்பதாவது மாதம் மிகவும் மோசம். சுருள் பத்து சென்டிமீட்டர் வளர்ந்து குடை மாதிரி நிற்கும், நேர்முடி வால் மாதிரி தொங்கும். அந்த மாதங்களைத் தாண்டுவதற்கு வேண்டியவை மிகக் குறைவு: ஒரு தோர்த்து, அகலப் பல் சீப்பு, கொஞ்சம் எண்ணெய், தளர்ந்த பின்னல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கத்தரிக்கோல். ஸ்ட்ரெயிட்னரை யாருக்காவது கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஏதாவது ஒரு கல்யாணம் வந்தே தீரும். வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். ஓர் இரண்டு வருஷத்துக்கு அந்தத் தலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும்.