மறையூர் வீட்டிற்கு ஒரு சிறிய அட்டை

இம்மாதம் நம்முடைய 'வீடும் கருவியும்' பகுதியில், மடிக்கணினிக்குள் இருக்கும் கம்பியில்லா வலையமைப்பு அட்டையைக் குறித்துச் சிந்திப்போம். வை-ஃபை அட்டை என்று கடைகளில் கேட்பது இதைத்தான். இது இயந்திரத்தைப் பற்றிய காரியமாகத் தோன்றினாலும், சொந்த ஊரில் நமக்காகக் காத்திருக்கும் பெற்றோரைப் பற்றிய காரியமுமாய் இருக்கிறது.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் ஒரு சகோதரர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய சொந்த ஊர் மறையூர். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில், சந்தனக் காடும் கரும்புத் தோட்டமும் சூழ்ந்த மலையூர் அது. தமிழ் பேசும் குடும்பங்கள் அநேகம் அங்கே உண்டு. அவற்றின் பிள்ளைகளோ வேலை தேடி நகரங்களில் இருக்கிறார்கள்.

சகோதரரின் தாயார் விதவை, கண்பார்வை மங்கியவர். கைப்பேசியின் சிறு திரையில் முகங்கள் அவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே மகன் தம்முடைய பழைய மடிக்கணினியை ஊரில் வைத்து, இணைய இணைப்பும் வாங்கிக் கொடுத்திருந்தார். இரவு எட்டு மணிக்குத் திருப்பூரில் மகன் குடும்பமும் மறையூரில் தாயாரும் திரையில் ஒருவரையொருவர் கண்டு குடும்ப ஜெபம் செய்துவந்தார்கள். பேரப்பிள்ளைகள் மனப்பாட வசனம் சொல்ல, பாட்டி திருத்துவார்.

ஒருநாள் அது நின்றுபோயிற்று. வை-ஃபை அடையாளமே திரையில் காணப்படவில்லை. மகன் கணினியைத் திருப்பூருக்கு எடுத்துவந்து ஒரு கடையில் காட்டினார். "மதர்போர்டு போய்விட்டது, இதற்குச் செலவு செய்வது வீண், புதியது வாங்குங்கள்" என்றார்கள். அந்த மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்திய மாதம். அம்மா மாத்திரம் இன்றும் எட்டு மணிக்குக் கணினி இருந்த மேசையின் முன் அமர்ந்து தனியே ஜெபிக்கிறார் என்று பக்கத்து வீட்டார் சொன்னபோது, தம்மால் அன்றிரவு சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருந்தார். "கடன் வாங்கிப் புதியது வாங்கட்டுமா?" என்பதே அவருடைய கேள்வி.

வாங்க வேண்டாம், முதலில் பழுது எங்கே என்று பார்ப்போம் என்று பதில் எழுதினேன். அவருக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

பழுதை அறியும் விதம்

முதலாவது, அதே இடத்தில் கைப்பேசிக்கு வை-ஃபை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லையானால் குறை கணினியில் அல்ல. ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கிறது.

இரண்டாவது, மடிக்கணினியில் வை-ஃபையை நிறுத்தும் விசையோ, 'ஏரோபிளேன் மோட்' என்ற அமைப்போ தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சிறு ஸ்விட்சே இருக்கும். துடைக்கும்போது கை பட்டு அது நகர்ந்துவிடுவதுண்டு.

மூன்றாவது, விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழே பாருங்கள். அட்டையின் பெயர் மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு இருந்தால், பெரும்பாலும் டிரைவர் என்னும் இயக்கு மென்பொருளில் குறை இருக்கும். அதை இறக்குவதற்கே இணையம் வேண்டுமே என்று திகைக்க வேண்டாம். கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், அதன் இணையம் கணினிக்கும் வந்துசேரும். அட்டையின் பெயரே அங்கு இல்லையானால், அட்டை தளர்ந்திருக்கலாம் அல்லது செயலிழந்திருக்கலாம். நம் சகோதரரின் கணினியில் பெயரே இல்லை.

இந்த அட்டை மதர்போர்டின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அநேக மடிக்கணினிகளில் அது தனியே கழற்றி மாட்டக்கூடிய பொருள். 802.11 என்னும் கம்பியில்லாத் தொடர்பின் தரநிலை முதலில் வெளியானது 1997-ஆம் ஆண்டு. அக்காலத்தையடுத்து வந்த மடிக்கணினிகளில், அட்டையைப் பக்கவாட்டுத் துளையில் செருகவேண்டியிருந்தது. 2003-இல் இன்டெல் நிறுவனம் 'சென்ட்ரினோ' என்ற பெயரில் கம்பியில்லா வசதியை உள்ளேயே கொண்ட மடிக்கணினிகளைப் பரவலாக்கிற்று. அதன்பின் அட்டை கணினியின் வயிற்றுக்குள் போய்விட்டது. நம் கண்ணுக்கும் மறைந்துவிட்டது.

பொருத்தும் விதம்

கடைக்குப் போகுமுன் உங்கள் கணினிக்கு எந்த வகை அட்டை வேண்டும் என்று அறிந்துகொள்ளுங்கள். பழையவற்றில் 'மினி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' வகையும், புதியவற்றில் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 'எம்.2' வகையும் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய அட்டையைக் கழற்றிக் கையில் கொண்டுபோவது நல்லது. எம்.2 வகையிலும் இன்டெலின் சில அட்டைகள் அதற்கேற்ற இன்டெல் செயலி உள்ள கணினிகளில் மாத்திரமே வேலை செய்யும். சில பழைய மாடல்கள் தங்கள் பட்டியலில் உள்ள அட்டைகளைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. மெல்லிய புது மாடல்கள் சிலவற்றில் அட்டை பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற இயலாது. ஆகையால் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பழைய வகை அட்டைகள் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கின்றன.

கணினியை முற்றிலும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருந்தால், மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பை முதலில் விடுவியுங்கள். கையிலுள்ள நிலைமின்சாரம் நீங்கும்படி தரையோடு இணைந்த ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள். கழற்றும் திருகாணிகளை இருந்த வரிசைப்படியே ஒரு தாளில் வையுங்கள்.

அட்டையின்மேல் இரண்டு மெல்லிய கம்பிகள் பொத்தான்போல் மாட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை அல்லது சாம்பல் நிறம். அவை திரையின் ஓரத்திலுள்ள ஆண்டெனாக்களிலிருந்து கீல் வழியாக வருகின்றன. எது எங்கே இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டையும் நேர்மேலாகத் தூக்கிக் கழற்றுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் முனை முறியும். திருகாணியை எடுத்தவுடன் அட்டை சற்றே சாய்வாக எழும்பும். புதிய அட்டையையும் அதே சாய்வில் செருகி, மெதுவாகக் கீழே அழுத்தித் திருகாணியை இடுங்கள். பிறகு இரண்டு கம்பிகளையும் அவற்றின் இடத்தில் வைத்து, சிறு ஓசை கேட்கும்வரை அழுத்துங்கள். கணினியை இயக்கினால் விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே புதிய அட்டையை அறிந்துகொள்ளும்.

திறப்பதற்குத் துணிவில்லாதவர்கள் யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வை-ஃபை கருவியை வாங்கலாம். வேகம் சற்றுக் குறையக்கூடும். ஆனாலும் ஜெபவேளைக்குத் தடையிராது.

சகோதரர் தாமே அட்டையை மாற்றினார். ஒற்றை அறை வாடகை வீட்டில், ரவுட்டரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இணைப்பு கிடைத்தது. மகிழ்ச்சியோடு மறையூருக்கு எடுத்துச் சென்றார். அங்கே ரவுட்டர் முன்னறையில்; தாயாரின் மேசையோ உள்ளறையில். மேசையில் வைத்தவுடன் இணைப்பு போயிற்று! ரவுட்டரின் அருகே வந்தால் கிடைக்கிறது, நான்கு அடி நகர்ந்தால் இல்லை. "கடைக்காரர் சொன்னதே சரி" என்று மனமுடைந்து என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கம்பிகளைப் பாருங்கள்" என்றேன். திறந்து பார்த்தால், இரண்டு கம்பிகளும் அட்டையின்மேல் வைக்கப்பட்டிருந்தனவேயன்றிப் பதியவில்லை. ஆண்டெனா இல்லாத அட்டைக்குப் பக்கத்தில் உள்ளது மாத்திரமே கேட்கும். அழுத்திப் பதித்தார். அன்றிரவு எட்டு மணிக்கு உள்ளறையில் பேரப்பிள்ளைகளின் முகம் தெரிந்தது.

தேனியில் நடந்த காரியம்

இச்சிறு அட்டையால் என்ன செய்ய முடியும் என்று அறிய, நம் மலைக்கு மறுபுறம் பாருங்கள். மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாகக் கிழக்கே இறங்கினால் தேனி மாவட்டம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையோடு, அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் நிறுவனத்தாரும் சேர்ந்து, 2006-ஆம் ஆண்டளவில் சுற்றுப்புறத்திலுள்ள ஐந்து கண் பரிசோதனை மையங்களை வை-ஃபை மூலம் இணைத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலுள்ள மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி ஆலோசனை சொல்லுவார். கூலிவேலையை விட்டுப் பேருந்தேறி நகரத்திற்கு வர இயலாத ஏழைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுள்ள கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி வெளியிட்டிருந்தது. அவ்வாய்வாளர்கள் பயன்படுத்தியதும் மடிக்கணினிகளில் இருந்ததைப் போன்ற சாதாரண அட்டை வகைதான். அதைச் சிறு கணினிப் பலகையில் பொருத்தி, கோபுரத்தின்மேல் ஒரே திசையை நோக்கும் ஆண்டெனாவை வைத்தார்கள். இரு முனைகளும் ஒன்றையொன்று தடையின்றிப் பார்க்கவேண்டும். நடுவில் மலை வந்தால் ஆகாது.

ஆயினும் ஓர் இடையூறு உண்டாயிற்று. வை-ஃபையில் ஒரு முனை செய்தியை அனுப்பியவுடன், மறுமுனை 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்பவேண்டும். வீட்டுக்குள் அந்தப் பதில் உடனே வந்துவிடும். 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒளியின் வேகத்தில் போவதற்கே ஒரு நொடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது. வீட்டுத் தூரத்திற்கென்று ஏற்படுத்தப்பட்ட அட்டையோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. பதில் வரவில்லை என்றெண்ணி, அதே செய்தியை மீண்டும் அனுப்பிக் குழப்பத்தை உண்டாக்கும். ஆகவே பதில் பெறும் முறையையே மாற்றியமைத்தார்கள். அதன்பின் இணைப்பு நிலைத்தது.

பயன்படுத்தும் விதம்

பெற்றோர் வீட்டில் ரவுட்டரைத் தரையிலோ இரும்பு பீரோவின் பின்னோ வைக்காமல், நடுவீட்டில் சற்று உயரத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது; ஆனால் தடித்த சுவரை எளிதில் கடக்காது. உள்ளறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே உதவும்.

கடவுச்சொல் இல்லாமல் இணைப்பைத் திறந்துவைக்காதீர்கள். 'டபிள்யூ.இ.பி.' என்னும் பழைய காப்பு 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது, 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது 'டபிள்யூ.பி.ஏ. 3' என்பதைத் தெரிந்தெடுங்கள். கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் வேதாகமத்துக்குள் வையுங்கள். உங்கள் நினைவில் மாத்திரம் இருந்தால், நீங்கள் வரும்வரை அவர்களுக்கு வழியில்லை. பழைய கணினியில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது என்பதையும் மனதில் கொள்ளுங்கள். அதில் வங்கிக் காரியங்களைச் செய்யவேண்டாம். லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளுக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

பிரியமானவர்களே, அட்டையைப் பொருத்திவிட்டோம், கடமை முடிந்தது என்றிருக்கலாமோ? அப்போஸ்தலனாகிய யோவானுக்கு எழுதுவதற்கு அநேகம் இருந்தும், எழுத்தோடு நிறுத்திவிடாமல் நேரில் வந்து முகமுகமாய்ப் பேசவே அவர் வாஞ்சித்தார் என்று அவருடைய இரண்டாம், மூன்றாம் நிருபங்களின் முடிவில் காண்கிறோம். திரை ஒரு நிருபத்தைப் போன்றது. அது வருகைக்கு ஈடல்ல. வரும்வரைக்கும் அன்பைக் காக்கிற ஏது.

இன்னும் ஒன்று. நாம் அழைக்கும்போது வயதான தாயார் கண்ணாடியைத் தேடி, மேசைக்கு வந்து, பொத்தானைக் கண்டு அழுத்துவதற்குள் நாம் துண்டித்துவிடுகிறோம். மறுபடி அழைக்கிறோம், மறுபடி துண்டிக்கிறோம். "அம்மா எடுப்பதே இல்லை" என்றும் சொல்லிவிடுகிறோம். தேனியில் குறை தூரத்தில் இல்லை, காத்திருக்கும் காலத்திலேயே இருந்தது. நமக்காக நாள் முழுவதும் காத்திருக்கிறவர்களுக்காக, நாம் ஒரு நிமிடம் காத்திருக்கலாகாதா?

இன்றிரவு அழையுங்கள். மணி ஒலிக்கட்டும், பொறுத்திருங்கள். கர்த்தர்தாமே உங்கள் இல்லத்தையும், மலைமேல் இருக்கும் உங்கள் பெற்றோரின் இல்லத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.