மாற்றுத்திறன் பிள்ளைக்கு எந்த மையம்? தெப்ராவ் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

தெப்ராவை யாரும் உட்புறப் பகுதி என்று சொல்வதில்லை. ஜொகூர் பாருவுக்கு நெடுஞ்சாலை உண்டு, பேரங்காடிகள் உண்டு, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் பக்கத்தில்தான். ஆனால், ஒரே ஒரு மோட்டார் சைக்கிளை நம்பியிருக்கும் குடும்பத்துக்குத் தானாக உட்கார முடியாத பிள்ளையை வாரம் இரண்டு முறை சிகிச்சைக்குக் கொண்டு போவது பெரும்பாடு. இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984-ல் திரெங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கியது. பிள்ளையை நகரத்துக்கு அனுப்பாமல், பயிற்சியை அவர் வாழும் இடத்துக்கே கொண்டு வருவது இதன் நோக்கம். சமூக நல இலாகாவின் உதவியோடு, பெற்றோரும் இடம்பெறும் உள்ளூர்க் குழுக்கள் இம்மையங்களை நடத்துகின்றன. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே பயிற்றுநர் செல்லும் முறையும் திட்டத்தில் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

அருகில் உள்ள மையத்தில் இடமில்லை, அல்லது பிள்ளைக்குத் தேவையான சிகிச்சை அங்கில்லை என்றால் தனியார் மையம்தான் அடுத்த வழி. அங்கே கட்டணம் அதிகம். தரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அவசரத்தில், சொந்தக்காரர் சொன்ன இடத்தில் சேர்த்துவிடுவதே வழக்கமாகிவிட்டது.

சேர்க்கும் முன் சில கேள்விகளைக் கேட்பது பெற்றோரின் உரிமை. முதலாவது, பதிவு. 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் பராமரிப்பு மையங்கள் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். இரண்டாவது, ஆள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்றவற்றைச் செய்வோருக்கு 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டம் பதிவை வலியுறுத்துகிறது. பிள்ளையைத் தொடப்போவது தகுதி பெற்றவரா, உதவியாளரா என்று கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது கேள்வி வீட்டைப் பற்றியது. வாரத்தில் ஒரு மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது. மீதி நாட்களில் அம்மாவும் பாட்டியும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தரும் மையமே பயன் தரும். அதையும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு மலாயில் மட்டும் பேச்சுப் பயிற்சி கொடுத்தால், அந்தச் சொற்களைப் பயன்படுத்த வீட்டில் வாய்ப்பே இருக்காது. தமிழ் தெரிந்த பயிற்றுநர் இல்லாவிட்டாலும், பெற்றோரை உடன் உட்கார அனுமதிக்கிறார்களா என்று பார்க்கலாம்.

இவை அனைத்துக்கும் முன் ஓகேயூ அட்டை வேண்டும். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பன்முகக் குறைபாடு என ஏழு பிரிவுகளில் பதிவு நடக்கிறது. மருத்துவர் உறுதி செய்த பிறகு சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்கலாம். அரசாங்க உதவித்தொகைகள் பலவற்றுக்கு இந்த அட்டையே அடிப்படை. "ஊர் என்ன சொல்லும்" என்று தயங்கிப் பதிவைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பயிற்சிக்கு மிகவும் ஏற்ற இளவயது அந்தத் தயக்கத்திலேயே கழிந்துவிடுகிறது.

பொறுப்பைப் பெற்றோர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமைகளைப் பட்டியலிடுகிறது; ஆனால், மீறுவோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை என்ற குறை தொடக்கம் முதலே சொல்லப்படுகிறது. கேட்காதவருக்குச் சேவை வந்து சேர்வது அரிது.

தெப்ராவ் வட்டாரத்து ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் இங்கே கைகொடுக்கலாம். பண்டிகைக்கு அன்பளிப்புப் பை கொடுப்பதோடு, வாரம் ஒருமுறை பிள்ளைகளை மையத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தால், பாதியில் நின்றுபோகும் சிகிச்சைகள் பல தொடரும்.