பழுப்பு நீர்

கொட்டை எழுத்துத் தலைப்புகளின்மீது எனக்குள்ள பகைமை இப்பத்தியை வாராவாரம் வாசிப்போருக்குப் புதியதன்று. ஆயினும், ஏரி குளங்களில் ஆளைக் கொல்லும் ஈஸ்ட் பதுங்கியிருக்கிறதென்று இவ்வாரம் ஒரு பத்திரிகை அலறியதைக் கண்டபோது, அந்த ஈஸ்ட் அங்கே எதை உண்டு, எதற்கு அஞ்சிக் காலம் தள்ளுகிறது என்பதைக் குறித்து ஒரு வரியேனும் எழுத அதற்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சலில், பழைய பல்லவிக்கே வர நேர்ந்துவிட்டது.

நம் வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருந்து, உடல் தளர்ந்த வேளையில் நோயாக மாறும் காண்டிடா அல்பிகன்ஸ் போன்ற ஈஸ்ட், சாக்கடையோடு ஏரியை அடைந்தால், அங்கே சருகும் பாசியும் மக்கி நீரில் கரைந்த சேந்திரியப் பொருள்களின் நடுவில்தான் பிழைத்தாக வேண்டும். நீரைத் தேயிலைக் கஷாயம்போல் பழுப்பாக்கும் ஹியூமிக் அமிலங்கள் சூரியனின் புற ஊதாக் கிரணங்களை உறிஞ்சிக்கொண்டு, கீழேயுள்ள நுண்ணுயிர்களுக்கு மறைப்பாகின்றன. அக்கிரணங்களால் தாமே சிதைந்து, சிறு மூலக்கூறுகளாகி, அவற்றுக்கு ஆகாரமும் ஆகின்றன. அந்தச் சிதைவிலேயே, உயிரணுக்களைத் தாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பிறக்கிறது. போஷிப்பதும் வதைப்பதும் ஒரே வஸ்துவாக இருக்கையில், நீரின் நிறத்தை விசாரியாமல் ஈஸ்டைக் கண்டு கூச்சலிடுவதில் என்ன பிரயோஜனம்?

ஜெர்மனியின் பிராண்டன்பர்க் காட்டில், குரோஸ ஃபுக்ஸ்கூலெ என்னும் சிறு சதுப்பு ஏரியைப் பிளாஸ்டிக் திரைகளால் நான்காகத் தடுத்து, சதுப்பு நீர் வந்து சேரும் பாகத்துக்கும் மற்றவற்றுக்குமுள்ள பேதத்தை விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு அருகிலேயே, சுமார் 69 மீட்டர் ஆழமுள்ள ஷ்டெக்லின் ஏரி இருக்கிறது. அந்தப் பெயரை எழுதிவிட்ட பிறகு ஈஸ்டிடம் திரும்பிப் போக என்னால் இயலாது.

ஏனெனில், 1898-இல் காலமான தியோடோர் ஃபொண்டானெயின் கடைசி நாவலுக்கும் அதுவே பெயர். (முன்பும் சொல்லியிருக்கிறேன், பொறுத்தருள்க.) தூரதேசத்தில் பூமி அதிர்ந்தால் அந்த ஏரி பொங்கும், லிஸ்பன் பூகம்பத்தைப் போன்ற பேரழிவென்றால் நீரைக் கிழித்துக்கொண்டு செஞ்சேவல் எழுந்து கூவும் என்ற ஐதிகத்தோடு தொடங்கும் அந்நூலில், ஒரு கிழவர் இறக்கிறார், இரண்டு இளையோர் மணம் புரிகிறார்கள், மற்றதெல்லாம் பேச்சு, சேவலோ கடைசிவரை தலைகாட்டுவதில்லை. ஓய்வுபெற்ற மேஜரான அக்கிழவர், டுப்ஸ்லாவ், தேர்தலில் நின்று சோஷல் டெமாக்ராட் ஒருவரிடம் தோற்கும் பகுதிக்கு ஈடாக அரசியல் நகைச்சுவை அதிகம் இல்லையென்பது என் திடமான அபிப்பிராயம்.

இளமையில் மருந்துக்கடைத் தொழில் பயின்று, 1849 வரை அதிலேயே ஜீவனம் செய்த ஃபொண்டானெ, உடலில் நீர் கோத்துப் படுத்துவிட்ட டுப்ஸ்லாவை, புதிதாக வந்த டாக்டரைப் பிடிக்காமல், பச்சிலைக்காரக் கிழவி புஷன் தந்த காட்டுப் பூண்டுகளைக் காய்ச்சிக் குடிக்க வைக்கிறார். மருந்தின் மர்மமறிந்த மனிதர், அதைப் பரிகசிக்கவும் இல்லை, சிலாகிக்கவும் இல்லை. கஷாயத்தால் நோய் தீரவில்லைதான். ஆனால், தம்பிக்குத் துணையிருப்பதாக வந்து தங்கி, ஓயாமல் உபதேசம் செய்த பக்திமிக்க தமக்கை அடெல்ஹைட், புஷனின் பேத்தி ஆக்னெஸ் சிவப்புக் காலுறையோடு வீட்டுக்குள் நடமாடுவதைச் சகியாமல் மூட்டை கட்டிப் புறப்பட்டுவிடுகிறார். டுப்ஸ்லாவ் அந்தச் சிறுமியை வீட்டுக்கு வரவழைத்ததே அதற்காகத்தான்.